சத்திரம் இல்லாத ஆட்டம்

சலவைக்கூடத்தின் வாசலில், கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு பெரிய திரை. வேலை செய்யும் எல்லோருடைய முகமும் அதில் வரிசையாக இருக்கும். முகத்துக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு பட்டம். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததால் விடுப்பில் போயிருந்த அக்கா, திரும்பி வந்த காலையில் தோள்பையைக்கூடக் கழற்றாமல் அந்தத் திரையின் முன்னால் நின்றாள். மேல்வரிசையில் தன் முகத்தைத் தேடினாள். இல்லை. நடுவரிசையிலும் இல்லை. கடைசி வரிசையில், நேற்றுச் சேர்ந்த யாரோ ஒருவனுக்குப் பக்கத்தில், கோடே இல்லாமல் இருந்தாள். பட்டம்: கற்றுக்குட்டி.

வீட்டில்தான் அவள் அக்கா. கூடத்தில் அவளுக்கு ஆவி என்று பெயர். இருபது வருஷமாகப் பெரிய உருளையின் முன்னால் வெந்நீர்ப் புகைக்கு நடுவே நிற்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஓட்டல் படுக்கை விரிப்பு, மருத்துவமனைப் போர்வை எல்லாம் துவைத்துப் பிழிந்து ஈரமாக வரும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நீவி, கொதிக்கும் இரும்பு உருளைக்குக் கொடுக்க வேண்டும். அது இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் மொடமொடவென்று தள்ளும். முனை கோணினால் துணி சுருண்டு மாட்டும். கையை எடுக்க மறந்தால் கை மாட்டும். அந்த இரண்டு பேரில் வேகத்தை வைக்கிறவர்தான் முதல் கை. அக்கா முதல் கை. முதல் கைக்கு எப்போதும் காலை முறை. மதியம் வீட்டுக்குப் போய்விடலாம். நடக்கப் பழகும் அம்மாவைப் பிடித்துக்கொள்ள அந்த மதியம்தான் அவளுக்கு இருந்தது.

கற்றுக்குட்டிக்குத் தனியாக உருளை கிடையாது. அழுக்குப் பிரிக்கும் அறை, மூட்டை தூக்கல், மாலை முறை.

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேராக உருளையிடம் போனாள். அங்கே மீசை நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். முதல் வாரம் அவன் விரல் வெந்தபோது களிம்பு தடவியவளும் அவள்தான்.

"ஆவிக்கா, உங்க கார்டை வச்சா மெஷின் ஓடாது. என் கார்டை வைக்கிறேன், நீங்க துணி கொடுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"நீ எதுக்குப் பக்கத்துல?"

"பயிற்சியாளர் கூட நிக்கணுமாம். அது ரூலு."

"யாருடா பயிற்சியாளர்?"

மீசை தன் மீசையை இரண்டு பக்கமும் தடவினான். "நான்தான்கா."

அன்று ஆள் குறைவென்று காலையிலும் வந்து மடிப்பு மேசையில் நின்ற டீச்சர் சிரித்தாள். டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. யார் என்ன சொன்னாலும் திருத்துவாள் என்பதால் வந்த பெயர் அது. "துருதானே, தேய்ச்சா போயிடும்னு யாரோ சொன்னாங்க. தேய்ங்க ஆவி, நல்லா தேய்ங்க."

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. சொன்னது அக்காவேதான்.

ஏன் சொன்னாள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா யாரிடமிருந்தோ ஒரு பழைய கேம் பெட்டியை வாங்கி வந்தபோது அக்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தம்பி அவளைவிட ஐந்து வயது சின்னவன். பெட்டியோடு வந்தது ஒரே ஒரு வட்டு. வாள் பிடித்த ஒருவன் காட்டுக்குள் போவான். எலி, ஓநாய், பூதம் என்று எதிர்ப்பட்டதையெல்லாம் அடிப்பான். அடிக்க அடிக்க அனுபவப் புள்ளி சேரும். புள்ளி நிறைந்தால் ஒரு லெவல் ஏறும். அப்போது பலம், வேகம், அறிவு, கைத்திறன் என்று நமக்கு வேண்டியதில் வேண்டிய அளவு கூட்டிக்கொள்ளலாம். தம்பிக்கு அது சொர்க்கம். அக்காவுக்கு முதல் நாளே தகராறு.

"எலியைக் கொன்னா பூட்டுத் திறக்க எப்படிடா வரும்?"

"புள்ளியை அதுல போட்டேன்ல."

"அவன் பூட்டைத் தொடவே இல்லையே."

"விளையாட்டுன்னா அப்படித்தான்கா."

"அப்ப நீ இன்னைக்குப் பூரா கொசு அடி. நாளைக்குப் பரீட்சையில கணக்கு வரும்."

பிறகு வேறு வட்டுகள் வந்தன. அவற்றில் ஒன்றில் லெவலே இல்லை. எதைச் செய்கிறாயோ அது வளரும். ஓடினால் கால் வலுக்கும், அடி வாங்கினால் தோல் தடிக்கும், பேரம் பேசினால் நாக்கு கூராகும். அக்கா அந்த ஆட்டத்தைக் கண்டதும் சொக்கிப்போனாள். ஒரு நாள் கட்டுப்பாட்டுக் குச்சியை ரப்பர் வளையத்தால் முன்பக்கம் இழுத்துக் கட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அவளுடைய வீரன் மதியம் முழுவதும் ஒரு சுவரில் முட்டிக்கொண்டு ஓடினான். அவள் வந்து பார்த்தபோது அவன் கால் குதிரைக்கால் ஆகியிருந்தது. தம்பி அதைத் திருட்டு என்றான். "ஓடினானா இல்லையா?" என்றாள் அக்கா.

தம்பியின் பைத்தியம் வேறு. ஒரு ஆற்றலிலிருந்து அடுத்தது மரம்போல் கிளை விரியும் ஆட்டங்கள்தான் அவனுக்குப் பிடிக்கும். நெருப்பைப் படித்தால் பனிக்கான கிளை மூடிவிடும், நிழலில் மறைய அறிந்தால் கேடயம் கைவிட்டுப் போகும். ஒரே ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்க அவன் இரண்டு நாள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். தேர்ந்தெடுத்துவிட்டால் அப்புறம் அதற்காகச் சண்டை போடுவான்.

இருவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு ஆட்டம் கட்டினார்கள். அதற்குப் பெட்டியும் வேண்டாம், வட்டும் வேண்டாம். பள்ளிக்கு நடக்கும்போதும் மின்சாரம் போனபோதும் வாயாலேயே ஆடுவது. அவள் சொன்ன விதி, செய்தது வளரும். அவன் சொன்ன விதி, ஒரு கிளை எடுத்தால் ஒரு கிளை போகும். கொஞ்ச நாளில் தம்பியின் ஆளான வில்லாளி, பூட்டும் திறப்பேன், கப்பலும் ஓட்டுவேன், சமையலும் எனக்குத்தான் என்று எல்லாம் தெரிந்தவனாகிவிட்டான். அக்கா துருவைக் கொண்டுவந்தாள். "தொடாம விட்டதெல்லாம் துரு பிடிக்கும். நீ யாரா இருக்கணும்னு நீயே முடிவு பண்ணு." அதற்கப்புறம்தான் ஆட்டம் சூடு பிடித்தது.

பிறகு தம்பிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் உப்பி, வாயைத் திறக்க முடியாமல் படுத்திருந்தான். வாயால் ஆடும் ஆட்டம், வாய் திறக்கவில்லை. வில்லாளிக்குத் துரு பிடிக்கிறதே என்று கண்ணீர் மட்டும் வந்தது. அக்கா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு விதி சேர்த்தாள். "உன் ஆளு சத்திரத்துல படுத்திருக்கான். சத்திரத்துல இருக்கிறவனுக்குத் துரு கிடையாது. எவ்வளவு நாள் வேணும்னாலும் இருந்துட்டு வரட்டும்."

வருஷங்கள் போயின. அக்கா சலவைக்கூடத்துக்கு வந்தாள். அவள் சம்பளத்தில் தம்பி படித்தான் என்று அம்மா சொல்லிக்கொள்வதுண்டு, அக்கா சொன்னதில்லை. தம்பி கம்ப்யூட்டர் படித்தான், கேம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தான், அது மூடியதும் சொந்தமாக ஒன்று தொடங்கினான். வேலை செய்கிறவர்களுக்குப் புள்ளி, பட்டம், வளரும் கோடு. வேலையே ஒரு ஆட்டம் மாதிரி. சலவைக்கூட மேனேஜர் அதை வாங்கினார். திரை மாட்டிய அன்று அக்காவின் கால் தரையில் நிற்கவில்லை. மெஷினில் கார்டைத் தட்டிவிட்டு வேலை செய்தால் அந்த வேலையின் கோடு வளர்கிறது. உருளையில் நின்றால் உருளை, மடிப்பில் நின்றால் மடிப்பு. மேனேஜரைக் காக்கா பிடிக்கிறவனுக்கு எதுவும் ஏறாது. எலியைக் கொன்று பூட்டுத் திறக்கிற கதை இல்லை. அவர்களுடைய பழைய ஆட்டம் அப்படியே சுவரில் இருந்தது. கற்றுக்குட்டி, கைதேர்ந்தவர், வித்தகர். எல்லோருக்கும் முன்னால் அக்காதான் வித்தகர் ஆனாள்.

எல்லோருக்கும் அவளே விளக்கினாள். "என் தம்பி பண்ணினது. இதுல ஏமாத்து கிடையாது. செஞ்சா ஏறும், செய்யாட்டி துரு பிடிக்கும். நியாயம்தானே?"

டீச்சர் பிள்ளை பெற்று வந்தபோது கடைசி வரிசைக்குப் போயிருந்தாள். அக்காவிடம் வந்து காட்டினாள். "துருதானே," என்றாள் அக்கா, உருளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தேய்ச்சா போயிடும். கைவேலை மறக்குமா?" டீச்சருக்குக் கைவேலை மறக்கவில்லை. ஆனால் மாலை முறையில் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று அக்கா கேட்கவில்லை.

இப்போது அக்காவின் முறை. குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்தாள். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் படுக்கையிலேயே எல்லாம். அக்கா சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தாள். தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பழத்தோடு வருவான். பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "தலைக்கு மேல வேலை அக்கா," என்பான். ஆப்பிளை நறுக்கி அம்மா வாயில் வைப்பதும் அக்காதான்.

அன்று காலை அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"சிஸ்டம் அப்படிச் சொல்லுதும்மா. நான் என்ன பண்றது?"

"உங்களுக்குத் தெரியாதா சார், நான் யாருன்னு?"

"எனக்குத் தெரியும். நான் தலையிடக் கூடாதுங்கிறதுக்குத்தானே இதை வாங்கினதே. நான் இவருக்குச் சலுகை, அவருக்குச் சலுகைன்னு எத்தனை பேச்சு வாங்கியிருக்கேன். இப்ப நிம்மதி."

"அதைப் பண்ணினது என் தம்பி."

"அப்ப வீட்டு விஷயம். வீட்டுலயே பேசிக்குங்க."

தம்பியின் ஆபீஸ் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறும். உள்ளே காதுக்கு மூடி போட்டுக்கொண்டு ஒரு பெண் படம் வரைந்துகொண்டிருந்தாள். தம்பி போனில் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினான். அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

"நான் கற்றுக்குட்டியாடா?"

அவன் தன் திரையில் தட்டிப் பார்த்தான். "ஆமா, இறங்கியிருக்கு. இத்தனை நாள் கார்டு தட்டலேல்ல. கணக்கு சரியாத்தான் இருக்கு."

"ஏன் தட்டலை?"

"அம்மாவுக்கு உடம்பு..."

"யாரோட அம்மா?"

"என்னக்கா இப்படிக் கேக்கிற."

"நம்ம அம்மா. உன் பங்கையும் சேர்த்து நான் பார்த்தேன். எனக்குத் துரு. பழம் வாங்கிட்டு வந்தியே, உனக்கு என்ன பட்டம்? அந்தத் திரையில உன் மூஞ்சி எங்க?"

படம் வரைந்த பெண் காதிலிருந்து மூடியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

"சத்திரம் எங்கடா?"

"எந்தச் சத்திரம்?"

அக்கா அவன் கன்னத்தையே பார்த்தாள். அவன் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

"அது... சின்ன வயசு விளையாட்டுக்கா."

"துருவும் சின்ன வயசு விளையாட்டுதான். அதை மட்டும் மறக்காம எடுத்துட்டு வந்திருக்க."

"சத்தியமா முதல்ல வச்சிருந்தேன். உடம்பு முடியலேன்னா ஒரு பட்டன், அமுக்கினா கோடு அப்படியே நிக்கும். உங்க மேனேஜர்தான், இதை வச்சா எல்லாரும் அமுக்கிட்டு வீட்டுல படுத்துக்குவாங்கன்னார். எடுத்துட்டேன்."

"அவர் சொன்னார். நீ எடுத்துட்ட."

"வாங்குறவர் அவர்தானே."

"ஆடுறவ நான்டா. ஆடுறவனைக் கேக்காம செஞ்ச ஆட்டம் எதையாவது நீ நல்லாருக்குன்னு சொல்லியிருக்கியா? எத்தனை வட்டைக் குப்பையில போட்டிருக்க?"

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு நெருங்கினான். குரலைத் தாழ்த்தினான். "இப்ப என்ன, நீ திரும்ப வித்தகர் ஆகணும். ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சது. யாருக்கும் தெரியாது."

அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். உருளையில் இருபது வருஷம் நின்ற கை. அவனால் உதற முடியவில்லை.

"டீச்சரையும் ஏத்துவியா?"

"அது யாரு?"

"பிள்ளை பெத்துட்டு வந்தவ. அவளைக் கடைசி வரிசையில போட்டிருக்க. அவ யாருன்னுகூட உனக்குத் தெரியாது."

"ஒவ்வொருத்தருக்கா மாத்தினா சிஸ்டத்துக்கு என்ன மரியாதை அக்கா?"

"எனக்கு மட்டும் மாத்தினா மரியாதை வந்துடுமா? நாளைக்குச் சாயங்காலம் கூடத்துக்கு வா. வரலேன்னா, அம்மாவைத் தூக்கிட்டு வந்து இந்த நாற்காலியில உக்கார வச்சுட்டுப் போயிடுவேன். நீ மீட்டிங் பண்ணு, அவ பாக்கட்டும்."

அவள் சொன்னால் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் வந்தான். நல்ல சட்டை போட்டு வந்திருந்தான். உள்ளே நுழைந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடியில் புகை படிந்து ஒன்றும் தெரியாமல் நின்றான். அவன் அதுவரை கூடத்துக்குள் வந்ததே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. மேனேஜரின் குளிர்ந்த அறையில் காட்டி, அங்கேயே விற்று, வாசலில் திரையை மாட்டிவிட்டுப் போனவன்.

அக்கா நேராக அவனை அழுக்குப் பிரிக்கும் அறைக்கு இழுத்துப் போனாள். மருத்துவமனை மூட்டை அவிழ்க்கும் இடம் அது. கற்றுக்குட்டிகள் நிற்கும் இடம். அவன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தான். "எடுடா," என்றாள் அக்கா. எடுத்தான்.

மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்தாள். "இவர்தான் நம்மைப் படைச்சவரா? எல்லாரும் பாத்துக்குங்க. வேண்டுதல் இருக்கிறவங்க வரிசையா வாங்க."

சிரிப்பு எழுந்தது. தம்பியும் சிரிக்கப் பார்த்தான். அப்போது லோடு முன்னால் வந்தார். மெஷினில் மூட்டை ஏற்றுகிறவர். ஐம்பது தாண்டிய ஆள். அதிகம் பேசமாட்டார்.

"எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் ஆச்சு தம்பி. கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். சரின்னு ஓய்வெடுத்துட்டு வந்தேன். நான் அதுக்கு முன்னால மெஷினுக்குக் கணக்குப் பார்த்து சோப்பு விடுற வேலையில இருந்தேன். வித்தகர். வந்து பார்த்தா கற்றுக்குட்டி. கற்றுக்குட்டிக்கு என்ன வேலை தெரியுமா?"

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"தூக்குறதுதான்."

லோடு சட்டையைக் கொஞ்சம் தூக்கி, கட்டியிருந்த பெல்ட்டைக் காட்டிவிட்டு, திரும்பவும் மூட்டையிடம் போனார்.

அக்கா தம்பியை மேனேஜரிடம் கூட்டிப் போனாள். கதவருகே நின்றுகொண்டாள். தம்பி பேசினான்.

"சார், ஒரு சின்னத் திருத்தம். உடம்பு சரியில்லாதவங்களுக்குத் துரு ஏறாத மாதிரி..."

"அதை நாம முன்னாலயே பேசி முடிச்சாச்சே."

"இல்ல சார், ஆட்டம்னு பார்த்தா இது தப்பான ஆட்டம். ஆடுறவங்களுக்கு ஏறணும்னு ஆசை வரணும். இதுல இறங்கிடுவோமோங்கிற பயம்தான் இருக்கு."

மேனேஜர் பேனாவை மூடினார். "தம்பி, வெளிப்படையா சொல்றேன். அந்தப் பயத்துக்குத்தான் வாங்கினேன். இது வந்த பிறகுதான் லீவு குறைஞ்சிருக்கு. பச்சைக் கோடு, வித்தகர், அதெல்லாம் உங்க ஆசைக்கு இருக்கட்டும்னு விட்டேன்."

படைத்தவன் வரம் கொடுக்க வந்தும் பூசாரி கொடுக்கவில்லை. அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் அறை வாங்கியவன்போல் நின்றான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. தன் மரத்தை ஒருவன் விறகுக்குத்தான் வாங்கினான் என்று தெரிய அவனுக்கு இவ்வளவு நாள் ஆயிற்றே என்றுதான் இருந்தது.

"சரி சார், பாக்கலாம்," என்றான் தம்பி.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "என்னடா பாக்கலாம்?"

"கொஞ்சம் யோசிக்கணும்கா."

"யோசி. நான் போய் மூட்டை அவிழ்க்கிறேன்."

அன்றிலிருந்து அவள் மாலை முறைக்குப் போனாள். மதியத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், சாயங்காலம் அம்மா தனியாக இருந்தாள். ஒரு நாள் அம்மா கைப்பிடி இல்லாமல் எழுந்து நின்று, பயந்து, கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி அக்கா வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். தம்பி போன் செய்தால் அக்கா எடுக்கவில்லை. அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்ற எண்ணமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்குச் சத்திரம் கட்ட அன்றைக்கு அவள் யோசித்தாளா?

பிறகு ஒரு நாள் கூடத்துக்குள் நுழைந்தபோது வாசலில் கூட்டம். திரையில் கடைசி வரிசையில் புதிதாகச் சேர்ந்தவன் மட்டும். லோடு மேலே இருந்தார். டீச்சர் மேலே இருந்தாள். அக்கா தன் பழைய இடத்தில் இருந்தாள். மூன்று பேர் கோட்டுக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு வீட்டின் படம்: சத்திரம். மேனேஜர் அறைக்குள்ளிருந்து போனில் கத்தும் சத்தம் கேட்டது. கதவு மூடியிருந்தும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. யாரைக் கேட்டு மாற்றினாய், உடனே பழையபடி ஆக்கு. மறுமுனையில் தம்பி முடியாது என்றிருக்க வேண்டும். பிறகு, "அப்ப எடுத்துட்டுப் போ உன் ஆட்டத்தை."

திரை இருண்டது. மெஷின்களின் கார்டுப் பெட்டிகளில் விளக்கு அணைந்தது. ஓட்டல் வண்டி வெளியே நின்று ஹார்ன் அடித்தது. மேனேஜர் வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "ஆவி, நீ உருளைக்குப் போ. நாளையிலேர்ந்து காலையில வா," என்றார். சிஸ்டம் சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

இடம் கிடைத்துவிட்டதே, இனி ஆறிவிடுவாள் என்று நினைப்பீர்கள். வீட்டுக்குப் போனால் அம்மா காத்திருந்தாள்.

"அவன் பாவம்டி. இருந்த ஒரு வேலையும் போச்சாம். உன்னாலதான்னு சொல்லலை, இருந்தாலும் நீ கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம்."

"யார் சொன்னா?"

"அவன்தான் போன் பண்ணினான். அழுதுடுவான்போல இருந்துது."

"உன் மூத்திரத்துணியை அலசினது யாரும்மா?"

"அதை ஏன் இப்ப இழுக்கிற. பொம்பளைப் பிள்ளை செய்யாம யார் செய்வா?"

அக்கா தட்டை வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்தாள். உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "வேலைதான் இல்லையே. நாளையிலேர்ந்து காலையில வா. நான் உருளைக்குப் போறப்ப அம்மாவைக் குளிப்பாட்டு, நடக்க வை, சாப்பாடு கொடு. எனக்கு நன்றியெல்லாம் வேண்டாம், நானும் சொல்லப்போறதில்லை." அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். வைத்துவிட்டாள்.

அவன் வந்தான். முதல் நாள் அம்மாவின் கண்ணில் சோப்புப் போயிற்று. இரண்டாம் நாள் தண்ணீர் சூடு அதிகம். அம்மா அக்காவிடம் புகார் சொன்னாள். "செய்யச் செய்ய வந்துடும்," என்றாள் அக்கா, காய் நறுக்கிக்கொண்டே.

கூடத்தில் திரை கொஞ்ச நாள் கறுப்பாகத் தொங்கியது. பிறகு மேனேஜர் வேறு கம்பெனியைப் பிடித்தார். அங்கிருந்து, டை என்னும் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்தார். வேலை முடியும் நேரத்துக்கு முன்பே எல்லோரையும் மடிப்பு மேசைப் பக்கம் கூட்டி வைத்தார்கள். துணிக்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். சுவரில் படங்கள் ஓடின. மலை, மலையேறுகிற மனிதன், உச்சியில் நட்சத்திரம். நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு பயணி என்றார் அவர். ஒவ்வொரு நாளும் ஒரு படி என்றார். மீசை கொட்டாவி விட்டான். மேனேஜர் பின்னால் கைகட்டி நின்றார்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் கழுத்துப்பட்டை.

அக்கா எழுந்தாள். பெரிய உருளையை அவள் ஓடவிட்டே வந்திருந்தாள், அதன் உறுமல் பின்னால் கேட்டது.

"படுத்துட்டா என்ன ஆகும்?"

"புரியலையே."

"ஏறிக்கிட்டே இருக்கிறவனுக்கு உடம்பு முடியலை. இல்லேன்னா வீட்டுல யாரோ விழுந்துட்டாங்க. நடுமலையில உக்காந்துட்டான். அவன் எங்க இருப்பான், அங்கேயா, அடிவாரத்துலயா?"

அவர் சிரித்தார். "நல்ல கேள்வி. குறிச்சுக்கிறேன். அதெல்லாம் பிறகு விவரமா..."

"விளையாட்டுக்குப் போறதுக்கு முன்னாலதான் விதி கேப்பாங்க," என்றாள் டீச்சர். உட்கார்ந்தபடியே. "ஆடின பிறகு கேட்டா, அது புலம்பல்."

"எனக்கு அது தெரியணும்," என்றார் லோடு.

மேனேஜர் கையைத் தட்டினார். "சரி சரி, கூட்டம் முடிஞ்சது. வண்டி வர்ற நேரம். எல்லாரும் இடத்துக்குப் போங்க."

யாரும் எழவில்லை. மீசை எழப் பார்த்தான், அக்கா திரும்பிப் பார்த்ததும் கூடையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டான். கழுத்துப்பட்டைக்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சுவரைப் பார்த்தார். உள்ளே யாரும் துணி கொடுக்காமல் உருளை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிக் கழுத்துப்பட்டைக்காரர் படங்களைப் பின்பக்கமாகத் தள்ள ஆரம்பித்தார். நட்சத்திரம் போயிற்று, உச்சி போயிற்று. மலையேறுகிறவன் மட்டும் நடுமலையில் வந்து நின்றான். அக்கா உட்காரவில்லை.